கூடத்தில் ஒரு கஃபே, லாரியில் ஒரு நாடக மேடை... தெரியுமா?

வீட்டுக் கூடம் போதாமல் போனதால் பிறந்த கவிதை அரங்கம் ஒன்று நியூயார்க்கில் இருக்கிறது, தெரியுமா? மிகேல் அல்கரின் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியர் நடத்திய பேராசிரியர். 1973 வாக்கில், மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் அவர் வீட்டுக் கூடத்தில் கவிஞர்கள் கூடிக் கூடி வாசித்தார்கள். கூட்டம் அடங்கவில்லை. அந்தப் பேட்டையிலேயே ஓர் ஐரிஷ் மதுக்கடையை வாடகைக்குப் பிடித்தார்கள். 'நியூயோரிக்கன் போயட்ஸ் கஃபே' உருவானது இப்படித்தான்!

அந்த 'நியூயோரிக்கன்' என்ற சொல்லே ஒரு வசைதான், தெரியுமா? நியூயார்க்கில் வளர்ந்த புவேர்ட்டோ ரிக்கோப் பிள்ளைகள் தீவுப்பக்கம் போனால், ஸ்பானிஷ்கூட ஒழுங்காக வராதவர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் முகம் சுளித்துச் சொன்ன பெயர் அது. அதையே எடுத்து வாசலில் பெயர்ப் பலகையாக மாட்டினார்கள். எவ்வளவு நெஞ்சுரம்! இன்னொன்றும் கேளுங்கள். அந்தப் பேட்டையின் ஆங்கிலப் பெயர் ஸ்பானிய நாக்கில் புரண்டு 'லோயிசைடா' ஆனது. பிம்போ ரிவாஸ் என்ற கவிஞர் அந்த உச்சரிப்பையே தலைப்பாக்கி ஒரு கவிதை எழுதினார். இன்று அங்கே அவென்யூ சி தெருவில் 'லோயிசைடா அவென்யூ' என்ற அரசுப் பலகை தொங்குகிறது. கவிஞனின் வாய்ச்சொல் தெருப்பலகை ஏறிவிட்டது!

கஃபேயின் இன்னொரு தூண் மிகேல் பின்யேரோ. சிங் சிங் சிறைக்குள் இருந்தபோது நாடகம் எழுதத் தொடங்கினார். அந்த 'ஷார்ட் ஐஸ்' 1974இல் நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் சிறந்த அமெரிக்க நாடக விருதைத் தட்டிக்கொண்டு வந்தது! 1988இல் அவர் இறந்தபோது வயது 41தான். தன் சாம்பலைத் தன் பேட்டை முழுக்கத் தூவ வேண்டும் என்று கவிதையில் கேட்டிருந்தார். நண்பர்கள் தெருத்தெருவாக நடந்து அப்படியே தூவினார்கள். பல ஆண்டுகள் மூடிக் கிடந்த கஃபேயின் கதவுகள் மறுபடி திறந்ததும் அதற்குப் பிறகுதான்.

திறந்த பிறகு அங்கே சூடு பிடித்ததுதான் 'ஸ்லாம்'. அதாவது கவிதைப் போட்டி. இதைக் கண்டுபிடித்தவர் சிகாகோவில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த மார்க் ஸ்மித் என்ற கவிஞர். 1986இல் கிரீன் மில் என்ற ஜாஸ் விடுதியில் அது தொடங்கியது. நடுவர் நாற்காலியில் பேராசிரியர்களா உட்கார்ந்திருப்பார்கள்? இல்லவே இல்லை! அன்று பார்க்க வந்தவர்களிலிருந்தே ஐந்து பேரைப் பிடித்துக் கையில் அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை, தசமப் புள்ளியோடு, மதிப்பெண் போடலாம். உச்ச மதிப்பெண்ணும் அடிமட்ட மதிப்பெண்ணும் தள்ளுபடி. நடுவில் நிற்கும் மூன்றையும் கூட்டினால் அதிகபட்சம் முப்பது. இசைக்கருவி கூடாது, வேடம் கூடாது. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் பத்து விநாடி வரை பொறுப்பார்கள். அதற்கும் மேல் போனால் மதிப்பெண் குறையும். குறைத்துப் போட்ட நடுவரைப் பார்த்துக் கூட்டமே 'ஊ' என்று கத்தும்! கவிதைக்கு மதிப்பெண்ணா என்று எனக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கவிதையைக் கேட்க வேறு எந்த வழி இதைவிட வேலை செய்திருக்கிறது?

சரி, டெக்சாசுக்குப் போவோம். சான் அன்டோனியோ நகரின் மேற்குப் பகுதி, மெக்சிக அமெரிக்க உழைப்பாளிகளின் பேட்டை. அங்கே குவாதலூப்பே பண்பாட்டுக் கலை மையத்துக் கட்டடம் ஒன்றில் 40 அடி உயர மெழுகுவர்த்தி நிற்கிறது. மெழுகு இல்லை, ஓடு ஓடாகப் பதித்த மொசைக்! வீட்டு பூஜை மாடத்தில் குவாதலூப்பே மாதாவுக்கு ஏற்றும் கண்ணாடிக் குவளை விளக்கை அத்தனை பெரிதாக்கிச் சுவரோடு நிறுத்தியிருக்கிறார்கள். அதைச் செய்த ஜெஸ்ஸி திரெவின்யோ வியட்நாம் போரில் படுகாயப்பட்டு வலது கையை இழந்தவர், தெரியுமா? ஓவியம் தீட்டிய கை அதுதான். அப்புறம் இடது கையால் முதலிலிருந்து வரையக் கற்றுக்கொண்டார்!

அதே மையம் 1982 முதல் கொன்ஹுந்தோ இசை விழா நடத்துகிறது. ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த அக்கார்டியனும், பன்னிரண்டு தந்திகள் கொண்ட பஹோ செக்ஸ்தோவும் சேர்ந்த இசை அது. இதன் தந்தை என்று கொண்டாடப்படும் நர்சிசோ மார்த்தினெஸ் செய்த மாற்றம் கேட்கச் சின்னது. அக்கார்டியனின் இடதுகைக் கீழ்ச்சுர வேலையைத் தோழர் சந்தியாகோ அல்மெய்தாவின் தந்திக் கருவிக்கே விட்டுவிட்டு, தான் வலது கையால் மெட்டை மட்டும் பறக்கவிட்டார். அதிலிருந்து ஒரு புதிய இசையே வளர்ந்தது! அவ்வளவு பெரிய கலைஞர் பிற்காலத்தில் பிரௌன்ஸ்வில் மிருகக்காட்சி சாலையில் வேலை பார்த்துத்தான் பிழைத்தார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. சான் பெனிட்டோ ஊரில் இப்போது அவர் பெயரிலேயே ஒரு கலை மையம் நடக்கிறது.

குவாதலூப்பே மையத்தில் இலக்கியப் பிரிவை நடத்த 1984இல் வந்த இளம் பெண் யார் தெரியுமா? சாண்ட்ரா சிஸ்னெரோஸ்! அதே ஆண்டில்தான் அவருடைய 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்' ஹூஸ்டனின் சிறு பதிப்பகமான ஆர்தே பூப்ளிகோவில் வெளிவந்தது. பின்னாளில் 20க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போன புத்தகம் அது. 1995இல் தன் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றிச் சக எழுத்தாளர்களை உட்காரவைத்து ஒரு பட்டறை தொடங்கினார். அதற்கு கார்சியா மார்க்கேஸின் கற்பனை ஊரான 'மகோந்தோ'வின் பெயரையே வைத்தார். அந்த வீட்டுக்குப் பளீரென்று ஊதா அடித்தபோது, பாரம்பரியத் தெருவில் இந்த நிறம் ஆகாது என்று நகரக் குழு மறுத்தது. மெக்சிக நிறங்களும் இந்த ஊர் வரலாறுதான் என்று அவர் விடாமல் வாதாடினார். இரண்டு ஆண்டு வெயிலில் சாயம் வெளுத்து இளம் ஊதாவானது; அந்த நிறத்தைக் குழு ஏற்றுக்கொண்டது!

புத்தகக் கடத்தல் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அரிசோனாவின் டூசான் நகரப் பள்ளிகளில் 2012 ஜனவரியில் மெக்சிக அமெரிக்கப் பாடத்திட்டம் ஒழிக்கப்பட்டது. பாடப் புத்தகங்கள் வகுப்பறைகளிலிருந்து அட்டைப்பெட்டிகளில் வெளியேறின. ஹூஸ்டனில் இலக்கியக் கூட்டங்கள் நடத்திவந்த எழுத்தாளர் டோனி டியாஸுக்குப் பொறுக்கவில்லை. மார்ச்சில் நண்பர்களோடு அதே புத்தகங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டூசானுக்குக் கிளம்பிவிட்டார்! 'லிப்ரோதிராஃபிகாந்தே' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். புத்தகக் கடத்தல்காரர் என்று பொருள். வழியில் ஊர் ஊராக வாசிப்பு நிகழ்ச்சி, மக்கள் கையில் சிறு ரகசிய நூலகங்கள். 2017இல் கூட்டரசு நீதிபதி ஒருவர், அந்தப் பாடத்தைத் தடைசெய்ததன் பின்னால் இனவெறுப்பு இருந்தது என்றே தீர்ப்பளித்தார்.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் சிஸ்டர் கேரன் பொக்கலேரோ என்ற கன்னியாஸ்திரீ, இரு மெக்சிக ஓவியர்களோடு ஒரு கார் கொட்டகையில் அச்சுக்கலைப் பட்டறை தொடங்கினார். அதுதான் 'செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்'. மெக்சிகர்கள் மறைந்தவர்களை நினைத்துக் கொண்டாடும் 'இறந்தோர் நாள்' அமெரிக்க நகரங்களில் ஊர்வலமும் படையலும் பொதுவிழாவாகப் பரவ முக்கியக் காரணம் இந்த இடம்தான். 2013இல் டிஸ்னி நிறுவனம் தன் படத்துக்காக அந்த விழாவின் பெயரையே வணிகக் குறியாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தது. எதிர்ப்பு பொங்கியதும் திரும்பப் பெற்றது. எதிர்த்துக் கார்ட்டூன் போட்ட லாலோ அல்கராஸையே பிறகு 'கோகோ' படத்துக்கு ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள்! அந்தப் படையலில் குவியும் ஆரஞ்சு நிறப் பூ எது தெரியுமா? நம் ஆயுத பூஜை மாலையில் கோக்கிற அதே செண்டுமல்லி. அதன் தாய்மண் மெக்சிகோதான்!

பூ என்றதும் இன்னொன்று. மெக்சிகோவின் நாவாத்தில் மொழியில் கவிதையைக் குறிக்க 'பூவும் பாட்டும்' என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னார்கள். 1973இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த சிகானோ, அதாவது மெக்சிக அமெரிக்க, இலக்கிய விழாவுக்கு அதையே ஸ்பானிஷில் 'ஃப்ளோர் ஈ கந்தோ' என்று வைத்தார்கள். பாமாலை என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது லூயிஸ் வால்தெஸின் கதை. கூலிக்குப் பழம் பறிக்க ஊர் ஊராகப் போகும் குடும்பம். ஆறு வயதில் பள்ளி நாடகத்தில் அவனுக்குக் குரங்கு வேடம். அவன் சாப்பாடு கொண்டுவந்த காகிதப் பையை ஆசிரியை வாங்கி, கூழாக்கி, முகமூடியாக வார்த்தார். தன் பை முகமாக மாறுவதைப் பையன் வாய்பிளந்து பார்த்தான். நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தொழிலாளர் முகாமிலிருந்து குடும்பத்தைக் கிளப்பிவிட்டார்கள். முகமூடி அங்கே, பிள்ளை லாரியில்.

1965இல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் வெடித்தது. அந்தப் பையன், இப்போது இளைஞன், அங்கே 'எல் தேயாத்ரோ கம்பெசீனோ'வைத் தொடங்கினான். உழவர் நாடகக் குழு! மேடை எது தெரியுமா? பக்கப்பலகை இல்லாத லாரியின் தட்டு! நடிகர்கள் அந்த வேலைநிறுத்தத் தொழிலாளர்களே. முதலாளிக்குப் பன்றி முகமூடி. கருங்காலி, போராளி என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டால் மற்ற வேடங்களும் முடிந்தது. 1979இல் வால்தெஸின் 'ஸூட் சூட்' பிராட்வே ஏறியது, அங்கே ஏறிய முதல் சிகானோ நாடகம்!

குழு இன்றும் சான் ஹுவான் பௌதிஸ்தா என்ற சிற்றூரில் இருக்கிறது. அதன் அரங்கம், முன்பு விளைபொருளைப் பெட்டிகளில் அடைத்து அனுப்பிய கிடங்கு. டிசம்பர் வந்தால் ஊரின் பழைய மிஷன் தேவாலயத்துக்குள்ளேயே நாடகம்: ஓராண்டு குவாதலூப்பே மாதாவின் தரிசனம், மறு ஆண்டு இடையர்கள் பெத்லகேமுக்கு நடக்கும் கதை. ஊர்ப் பிள்ளைகளும் வேடம் கட்டுகிறார்கள்.