ஆறு மாசமும் ஒரு கையெழுத்தும்: புதுச்சேரி 'லிசே' கதை

எங்க பாபநாசத்துலேர்ந்து காவிரி ஓடுற திசையில கிழக்கே போனா காரைக்கால். 1954 வரைக்கும் புதுச்சேரி மாதிரியே பிரெஞ்சு ஆட்சியில இருந்த ஊர். ரெண்டு ஊர்லயும் தெரிஞ்ச பேரு, புதுச்சேரி 'லிசே'.

1826ல ஐரோப்பியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கின பிரெஞ்சுப் பள்ளி இது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்குன்னு கலவை சுப்பராயச் செட்டியார் 1877ல தனியா ஒரு பள்ளியே கட்டினார்.

1956 ஒப்பந்தப்படி லிசே அதே இடத்துல பிரெஞ்சுப் பள்ளியாவே தொடருது. ஒரே வளாகத்துல மழலையர் வகுப்புலேர்ந்து பக்கலோரியா வரைக்கும் படிக்கலாம். அது நம்ம பிளஸ் டூ மாதிரி.

ஃபீஸ்தான் விஷயம். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தா, குடும்ப வருமானத்தைப் பார்த்து பிரான்ஸ் அரசு உதவித்தொகை தரும். இல்லன்னா நாமதான் கட்டணும்.

அந்தக் குடியுரிமை எப்படி வந்துச்சு? 1962 ஆகஸ்ட் 16லேர்ந்து ஆறு மாசம் அவகாசம். அதுக்குள்ள பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னு எழுதிக் கொடுத்தவங்களுக்கு அது நிலைச்சுது. அங்கேயே பிறந்து, எழுதிக் கொடுக்காதவங்க இந்தியர் ஆனாங்க.

ஒரே தெரு, ஒரே தமிழ். ஆனா தாத்தா அன்னிக்குப் போட்ட, இல்ல போடாம விட்ட கையெழுத்து, இன்னிக்குப் பேத்தியோட ஃபீஸை முடிவு பண்ணுது.

உங்க வீட்ல அப்படி ஒரு கதை இருக்கா? தாத்தா பாட்டிகிட்ட கேட்டுட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க.