நெடுந்தீவு லோஞ்சின் அடித்தட்டில்

வாங்கோ, தலையைக் குனிந்து மெல்ல ஏறுங்கோ. குறிகட்டுவான் துறையில் கட்டியிருக்கும் நெடுந்தீவு லோஞ்சுக்குள், சனம் ஏற முன்னமே நுழைய ஓட்டி அண்ணை சம்மதித்துவிட்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று பேருந்து கொண்டுவந்து விடும். மிச்சம் ஒரு மணிநேரக் கடல். அந்த ஒரு மணி தொடங்குவதற்கு முன் இங்கே சிந்தும் வியர்வையை எந்த நேர அட்டவணையும் சொல்லாது.

கரையில் சீமெந்து மூட்டை, எரிவாயு சிலிண்டர், முட்டைத் தட்டுகள், ஒரு புது மெத்தை. நெடுந்தீவுக் கடைகளுக்குப் போகிற சாமான் இந்தத் தோள்களில்தான் ஏற வேண்டும். மோட்டார் சைக்கிள் ஒன்றை நாலு பேர் தூக்க, ஐந்தாமவர் கட்டளை மட்டும் போடுகிறார். “தம்பி, வாயால தூக்கினது காணும், கையைக் குடு!” துறை முழுக்கச் சிரிப்பு. சிரித்ததில் பிடி தளர்ந்து, பின்சில்லு கடலில் ஒருக்கால் நனைந்து உள்ளே வந்தது.

ஓட்டி கரையில் நின்று கண்ணாலேயே அளக்கிறார். “இடப்பக்கம் தாழுது. ரெண்டு மூட்டையை அங்கால தள்ளுங்கோ.” தள்ளியதும் லோஞ்ச் நிமிர்கிறது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

இப்போது பலகையைத் தூக்கி இயந்திரத்தைக் காட்டுகிறார்கள். டீசல் வாடை, அனல். சுவரில் எண்ணெய் படிந்த நயினை நாகபூசணி அம்மன் படம். அதற்குக் கீழே ஆணியில் இடியப்பப் பார்சல். சாரத்தை மடித்துக் கட்டிய இயந்திரக்காரர் குழாயைப் புறங்கையால் தொட்டு, காதைச் சாய்த்து, “சரி, சூடு காணும்” என்கிறார். மீட்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

புறப்பட்டாயிற்று! பக்கத்தில் வெளிக்கிட்ட நயினாதீவு லோஞ்ச் கால்மணிநேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். எங்களுக்கு இன்னும் நிறையக் கடல் கிடக்கிறது. பாரிசிலிருந்து வந்த அக்கா ஒருவர், கடைக்காரர் கொடுத்த முட்டைத் தட்டை மடியில் வைத்தபடி கணக்குப் பார்க்கிறார்: லண்டனிலிருந்து பாரிசுக்கு 340 கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றேகால் மணி. “இங்க இந்தத் துண்டுக் கடலுக்கு ஒரு மணியோ?”

“அந்தப் பிளேனில உங்களை நம்பி முட்டை தருவினமோ அக்கா?” என்றார் இயந்திரக்காரர். அக்கா சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது. நாலு கை ஒன்றாய் நீண்டு பிடித்தது.

சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் இந்த ஒரு மணி இழுபடும், சில நாள் லோஞ்சே ஓடாது. நோயாளிக்கும் சோதனை எழுதப் போகும் பிள்ளைக்கும் அந்த நாட்களில் இந்தத் தூரம் எவ்வளவு என்று எந்த வரைபடமும் காட்டாது. அதனால்தான் ஒவ்வொரு சுமூகமான பயணத்தையும் இவர்கள் இத்தனை பக்குவமாகக் கொண்டுபோகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நெடுந்தீவின் மாவிலித்துறைக்கு வந்துவிட்டோம். உல்லாசப் பயணிகள் குதிரை பார்க்கப் பறந்துவிட்டார்கள். நீங்கள் கொஞ்சம் நில்லுங்கோ. திரும்பிப் போகிற பாரம் கரையில் வந்துவிட்டது: மீன் பெட்டிகள், கூடவே ஏற மறுக்கும் ஓர் ஆடு. ஓட்டி முதல் பெடியன் வரை எல்லாரும் அதனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்.