நுரையீரல் காவலரை உசுப்பிவிடும் மருந்து

வளரும் பிள்ளைகளுக்கு முழங்காலை ஒட்டி வருகிற எலும்புப் புற்றுநோய் ஆஸ்டியோசர்கோமா. கட்டியை முழுசாக வெட்டி எடுத்த பிறகும் பயம் நுரையீரலைப் பற்றித்தான். ரத்தத்தோடு போய் அங்கே ஒண்டிக்கொண்ட சில செல்கள் ஸ்கேனிலும் தெரியாது. பிறகு வளர்ந்து உயிரை வாங்கும்.

அங்கே காவலுக்கு விழுங்கணுக்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் உண்டு. கிருமியென்றால் பாய்ந்துவிடும். புற்றுசெல்லோ உடம்பிலேயே பிறந்தது என்பதால் பெரும்பாலும் விட்டுவிடும்.

அந்தக் காவலைக் கிருமியைக் கொண்டே உசுப்பிவிடலாமா? 1891இல் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, உயிருள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளையே சர்கோமா கட்டிக்குள் ஊசியாகச் செலுத்தினார். சிலருக்குக் கட்டி கரைந்தது. சிலர் கிருமித்தொற்றிலேயே இறந்தார்கள். பிறகு கொன்ற கிருமிகளுக்கு மாறினார்.

முழுக் கிருமி தேவையே இல்லை என்பது 1970களில்தான் புரிந்தது. அதன் சுவரில் உள்ள மியூராமைல் டைபெப்டைட் என்ற துணுக்கே போதும். ஒரு சர்க்கரை, இரண்டு அமினோ அமிலம், அவ்வளவுதான். மனித செல்லில் இது கிடையாது. திருடன் விட்டுப்போன ஒற்றைச் செருப்பைப் பார்த்தே ஊர் விழித்துக்கொள்வது போல, இதைக் கண்டதும் விழுங்கணு விழித்துவிடும்.

ஆனால் துணுக்கை அப்படியே செலுத்தினால் சிறுநீரோடு சீக்கிரம் போய்விடுகிறது. அதனால் அதற்கொரு கொழுப்பு வாலை ஒட்டி, கொழுப்புக் குமிழிகளில் ஏற்றினார்கள். அதுதான் மிஃபாமுர்டைட். குப்பியில் இருப்பது உலர்ந்த பொடி. உப்புநீர் விட்டு நன்றாகக் குலுக்கினால் குமிழிகள் உருவாகும். ஒரு மணி நேரம் ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். குமிழியை விழுங்கிய விழுங்கணு, புற்றுசெல்லைக் கொல்லும் புரதங்களைச் சுரக்கத் தொடங்கும். பலருக்குக் குளிரும் காய்ச்சலும் வரும். கிருமி வந்துவிட்டதாக உடம்பு நம்பிவிட்டது, வேறொன்றுமில்லை.

அமெரிக்காவில் 662 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கீமோவோடு இதையும் பெற்றவர்களில் 78 விழுக்காட்டினர் ஆறாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர்; பெறாதவர்களில் 70. அமெரிக்க அரசுக்கு இந்தச் சான்று போதவில்லை. ஐரோப்பா 2009இல் அனுமதித்தது. நூறு பிள்ளைகளில் எட்டுப் பேர் என்பது எனக்குச் சின்னக் கணக்காகத் தெரியவில்லை.

நோய் பரவும் முன்பே கண்டுபிடித்து, கட்டியை முழுதாக எடுத்தவர்களுக்குத்தான் இந்த மருந்துக்கு அனுமதி. ஆகவே பெற்றோரே, பிள்ளையின் முழங்கால் வலியும் வீக்கமும் வாரக்கணக்கில் தணியவில்லை என்றால், இரவில் வலி கூடினால், விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் தேய்த்து நீவிவிட்டுக் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டி ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.