கணினியின் வலு வழங்கியும் தாய்ப்பலகையும்

திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் இரும்பு துருவேறுவதும் செம்பு களிம்பேறுவதும் யாவரும் கண்டவை. உப்புக் கலந்த கடற்காற்றே அதற்குக் காரணம். கணினியினுள் இருக்கும் உலோக முனைகளும் அக்காற்றினின்று தப்புவன அல்ல. ஆதலின், வலு வழங்கியைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் முறையை அறிதல் இவ்வூர் மாணவர்க்கு ஏட்டறிவு மட்டுமன்று. இணைப்பில் நேரும் ஒரு பிழை தாய்ப்பலகையை நொடியில் எரித்துவிடவும் கூடும்.

இலங்கையில் வழங்கும் மின்சாரம் 230 உவோற்று ஆடலோட்டமாகும். வலு வழங்கி அதனை 12, 5, 3.3 உவோற்று நேரோட்டங்களாக மாற்றித் தருகின்றது. வழக்கமான நிறமுறைப்படி மஞ்சட் கம்பி பன்னிரண்டையும், சிவப்பு ஐந்தையும், செம்மஞ்சள் 3.3 ஐயும் தாங்கும். கறுப்பு பொதுப் புவிமுனையாகும். ஊதாக் கம்பியில் கணினி நிறுத்தப்பட்ட பின்னரும் ஐந்து உவோற்று நிலைத்திருக்கும். வேலை தொடங்குமுன் சுவரிலுள்ள செருகியைக் கழற்றவேண்டும் என்பது இதனாலேயே. சில பழைய வலு வழங்கிகளில் 115, 230 எனக் குறித்த ஆளி உண்டு. அஃது 115இல் நிற்க இந்நாட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் வழங்கியே அழியும்.

முற்காலக் கணினிகளில் தாய்ப்பலகைக்கு ஆறு முனைகள் கொண்ட இணைப்பிகள் இரண்டு அருகருகே செருகப்பட்டன. அவற்றை இடம் மாற்றிச் செருகினால் பலகை பாழாகும். 'கறுப்போடு கறுப்புச் சேர்க' என்பதே அன்றைய காப்பு. 1995இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். நியமம் இவ்விரண்டையும் இருபது முனைகள் கொண்ட ஒரே இணைப்பியாக்கியது. பின்னர் முனைகள் இருபத்துநான்காயின. சில துளைகள் சதுரமாகவும் சில முனை மழுங்கியனவாகவும் அமைந்திருத்தலின், அது தலைகீழாகப் பொருந்தாது.

இணைப்போன் முதலில் கணினிக் கூட்டின் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கவேண்டும். பின்னர் முனைகளை நோக்கவேண்டும். களிம்பு படிந்த முனை செவ்வனே தொடாது, தடை மிகுந்து சூடேறும். அடுத்து, கொக்கியும் அதனை ஏற்கும் விளிம்பும் ஒரே பக்கத்தில் இருக்கப் பெரிய இணைப்பியை நேராக அழுத்தினால், கொக்கி விழும் ஓசை கேட்கும். முறைவழியாக்கிக்கு உரிய நான்கு அல்லது எட்டு முனை இணைப்பியையும் மறத்தலாகாது. அஃதின்றேல் விசிறி சுழலினும் கணினி இயங்காது. வரைவியல் அட்டைக்குரிய எட்டு முனை இணைப்பி தோற்றத்தில் இதனை ஒக்கும். ஆயின் அதில் பன்னிரண்டு உவோற்று முனைகளும் புவிமுனைகளும் இடம் மாறியுள்ளன. பொருந்தாததை வலிந்து செருகுதல் கேடாம்.

இக்காலத்துக் கழற்றக்கூடிய வடங்களில் பழைய இடர் வேறோர் உருவில் மீண்டுள்ளது. தாய்ப்பலகைப் பக்கத்துக்கே நியமம் உண்டு. வழங்கிப் பக்கத்து முனைகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைக்கின்றது. ஆகவே ஒரு வழங்கியின் வடத்தை மற்றொன்றிற் செருகினால், அது நன்கு பொருந்தியும் கருவியை எரிக்கலாம். பொருந்துவது யாவும் உரியதன்று. துளையின் வடிவம் காவாதவிடத்து, செய்வோனின் கவனமே காவல்.