கட்டுமான நிறைவு நாள்

கட்டுமான நிறைவு நாள் என்பது ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் பங்கேற்கும் பள்ளி மாணவர் அணிகள், தாங்கள் செய்யும் ரோபோவின் வேலையை நிறுத்திவிட வேண்டிய கடைசி நாளாக இருந்தது. 2019 வரை நடைமுறையில் இருந்த இவ்விதி 2020 பருவம் முதல் நீக்கப்பட்டது.

பின்னணி

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் ஃபர்ஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். இதன் முதல் போட்டி 1992இல் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளி விளையாட்டரங்கில் 28 அணிகளுடன் நடைபெற்றது.

ஒவ்வோர் ஆண்டும் விளையாட்டு மாறும். சனவரித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமையன்று விதிகள் எல்லா அணிகளுக்கும் ஒரே நேரத்தில் வெளியிடப்படும். 2019 வரை அன்று முதல் சுமார் ஆறு வாரங்களுக்குள் ரோபோவை வடிவமைத்து முடிக்க வேண்டியிருந்தது. 2019இல் சனவரி 5 அன்று விதிகள் வெளியாயின. பிப்ரவரி 19 நள்ளிரவுடன் காலக்கெடு முடிந்தது.

பையும் முத்திரையும்

தொடக்க காலத்தில் ரோபோவை மரப்பெட்டியில் அடைத்துப் போட்டி நடக்கும் ஊருக்கு அனுப்பிவிட வேண்டியிருந்தது. பின்னர், ரோபோவைப் பெரிய நெகிழிப் பையில் இட்டு, எண் பொறித்த முத்திரையால் பூட்டித் தம் இடத்திலேயே வைத்துக்கொள்ளும் முறை வந்தது. முத்திரை எண்ணும் பூட்டிய நேரமும் ஒரு படிவத்தில் குறிக்கப்பட்டன. போட்டி அரங்கில் அப்படிவத்தைச் சரிபார்த்த பிறகே பையைத் திறக்க முடிந்தது.

இறுதி வாரப் பணிகள்

காலக்கெடு நெருங்கும்போது பல வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும். இயந்திரப் பகுதி முடிந்தால்தான் மின்கம்பிகளை இணைக்க முடியும். கம்பிகள் இணைந்த பிறகே நிரலை ரோபோவில் ஓட்டிப் பார்க்க முடியும். நிரல் சரியானால்தான் ஓட்டுநர்கள் பழக முடியும். எனவே முதல் வாரங்களில் ஏற்படும் தாமதம் முழுவதும் கடைசியில் இருக்கும் ஓட்டுநர் பயிற்சியைத்தான் தின்றுவிடும். ஓர் ஆட்டம் சுமார் இரண்டரை நிமிடமே நீடிப்பதால், பழகாத கைகளில் நல்ல ரோபோவும் தோற்கும்.

எடை மற்றொரு சிக்கல். 2019இல் மின்கலமும் மோதல் தடுப்புப் பட்டைகளும் நீங்கலாக 125 பவுண்டு (சுமார் 56.7 கிலோ) வரை அனுமதிக்கப்பட்டது. வரம்பைத் தாண்டினால் தகடுகளில் துளையிட்டோ, ஏதேனும் ஓர் உறுப்பைக் கைவிட்டோ எடையைக் குறைக்க வேண்டும். எடை, அளவு, மின்னிணைப்பு, தடுப்புப் பட்டை ஆகியவை அரங்கில் ஆய்வாளர்களால் சோதிக்கப்படும். தேறாத ரோபோ களத்தில் இறங்க முடியாது.

விதிவிலக்குகளும் ஏற்றத்தாழ்வும்

பை பூட்டப்பட்ட பிறகும் வேலை முற்றிலும் நிற்கவில்லை. நிரல் எழுதத் தடை இல்லை. 30 பவுண்டு வரை தாமே செய்த உறுப்புகளைப் பைக்கு வெளியே வைத்திருந்து அரங்குக்குக் கொண்டுவரவும் அனுமதி இருந்தது. இதனால் வசதி மிக்க அணிகள் ஒரே மாதிரியான இரண்டு ரோபோக்களைச் செய்து, ஒன்றைப் பூட்டிவிட்டு மற்றொன்றில் வாரக்கணக்கில் பயிற்சி எடுத்தன. ஒரே ஒரு ரோபோவுக்கே பணம் திரட்டத் திண்டாடிய அணிகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. எல்லோருக்கும் சமமான நேரம் தருவதற்காக ஏற்பட்ட விதி, நடைமுறையில் இடைவெளியைக் கூட்டியது.

விதியை ஆதரித்தவர்களும் இருந்தனர். கெடு இல்லாவிட்டால் மாணவர்களும், வழிகாட்டும் ஆசிரியர்களும் பொறியாளர்களும் போட்டி முடியும்வரை ஓய்வின்றி உழைக்க நேரும் என்பது அவர்கள் கருத்து.

நீக்கமும் பின்னரும்

2020 பருவத்தில் பை முறை கைவிடப்பட்டது. ஆனால் கோவிட்-19 பரவலால் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே போட்டிகள் நிறுத்தப்பட்டன. ஆகவே புதிய முறையின் முதல் பருவம் பாதியிலேயே நின்றது. இப்போது அணிகள் தாம் கலந்துகொள்ளும் போட்டி வரை ரோபோவைத் திருத்தலாம்.

விதி நீங்கினாலும் அது கற்பித்த ஒழுங்கு பயனுள்ளதே. இந்தியாவில் அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ் 6 முதல் 12 வரையான வகுப்பு மாணவர்களுக்கு அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் இயங்குகின்றன. அங்கு ரோபோ செய்யும் மாணவர்களும் போட்டி நாளுக்குச் சில நாட்கள் முன்பே தமக்கென ஒரு நிறைவு நாளை வைத்துக்கொண்டால், மீதி நாட்களை ஓட்டிப் பழகவும் பழுது பார்க்கவும் ஒதுக்கலாம்.