மொறிஸ் டொப்பும் சமுதாய மாற்றம் பற்றிய வினாவும்

ஐரோப்பாவில் நிலமானிய அமைப்புச் சிதைந்து முதலாளித்துவம் தோன்றியமைக்கு வாணிகப் பெருக்கமே காரணமென்பது நெடுங்காலம் செல்வாக்குடனிருந்த கருத்தாகும். பெல்ஜிய வரலாற்றாசிரியர் ஹென்றி பிரென், 11ஆம் நூற்றாண்டிலிருந்து தூரதேச வாணிகமும் நகரங்களும் மீண்டும் எழுச்சியுற்றமையை முதன்மைப்படுத்தினார். பணம் புகுந்தவிடத்துப் பழைய சமுதாயம் தானாகவே கரையும் என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது. இவ்வெண்ணத்தை அடிப்படையிலேயே கேள்விக்குள்ளாக்கியவர் மொறிஸ் டொப்.

1900இல் இலண்டனில் பிறந்த டொப், கேம்பிறிட்ஜிலே பொருளியல் பயின்று, இலண்டன் பொருளியற் கல்லூரியிலே கலாநிதிப் பட்டம் பெற்றார். 1924இல் கேம்பிறிட்ஜிற்கு விரிவுரையாளராக மீண்ட அவர், 1967இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே கற்பித்தார். 1920களின் தொடக்கத்திலே பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்து, 1976இல் மறையும்வரை அதன் உறுப்பினராக விளங்கினார். ரிக்காடோவின் நூற்றொகுதியைப் பதிப்பிப்பதில் பியேரோ ஸ்றாபாவுக்குத் துணை நின்றார். அமர்த்தியா சென் அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர்.

அவரது பெயரை நிலைநிறுத்திய நூல் 1946இல் வெளிவந்த 'முதலாளித்துவ வளர்ச்சி பற்றிய ஆய்வுகள்' ஆகும். நிலமானியம் என்பதை டொப் பண்ணையடிமை முறையாகவே வரையறுத்தார். குடியானவனிடம் நிலமும் கருவிகளும் உள. எனினும் அவனது உழைப்பின் ஒரு பகுதியை நிலப்பிரபு சட்டத்தாலும் வழக்கத்தாலும் படைபலத்தாலும் பறித்துக்கொள்கிறான். போரும் ஆடம்பரமும் பிரபுவின் தேவையைப் பெருக்கப் பெருக்கச் சுரண்டலும் கடுமையாகிறது; குடியானவர் நிலத்தைவிட்டு ஓடுகின்றனர்; உற்பத்தி தளர்கிறது. நெருக்கடியின் ஊற்று அமைப்பின் உள்ளேயே இருந்ததென்பது அவர் முடிபு.

இதற்கு அவர் காட்டும் சான்றுகளுள் கிழக்கு ஐரோப்பா தலையாயது. வாணிகமே பண்ணையடிமை முறையைக் கரைக்குமாயின், எல்பே நதிக்குக் கிழக்கேயும் அது கரைந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ நேர்மாறானது. 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளிலிருந்து மேற்குச் சந்தைகளுக்கான தானிய ஏற்றுமதி பெருகியபோது, அங்குள்ள பிரபுக்கள் குடியானவரை முன்னிலும் இறுக்கமாக நிலத்தோடு பிணைத்தனர். இங்கிலாந்திலோ 1348ஆம் ஆண்டுக் கொள்ளை நோயின் பின்னர் உழைப்பாளர் அருகினர். 1381இல் குடியானவர் கிளர்ச்சி வெடித்தது. பண்ணையடிமை முறை காலப்போக்கில் அங்கு தேய்ந்தொழிந்தது. ஒரே பொருளாதாரத் தூண்டுதல் இருவேறு விளைவுகளைத் தருவதேன்? பிரபுக்களின் அரசியல் வலிமையும் குடியானவரின் எதிர்ப்பாற்றலும் இடத்துக்கிடம் வேறுபட்டமையே காரணமென்றார் டொப்.

1950இல் அமெரிக்க மார்க்சியப் பொருளியலாளர் போல் சுவீசி இதனை மறுத்தார். நிலமானியம் இயல்பாகவே மாற்றத்தை விரும்பாதது, ஆகவே வாணிகமாகிய புறச்சக்தியே அதனை உடைத்தது என்பது அவர் வாதம். நகரங்கள் தொலைவிலிருந்தமையாற் கிழக்கைரோப்பியக் குடியானவர் தப்பியோட இயலவில்லை என்றும் அவர் விளக்கினார். அகக் காரணியும் புறக் காரணியும் ஒன்றையொன்று தாக்குவன என ஏற்றுக்கொண்ட டொப், அக முரண்பாட்டின் முதன்மையைக் கைவிடவில்லை. தகஹஷி, றொட்னி ஹில்ரன், கிறிஸ்தோபர் ஹில் ஆகியோரும் இவ்விவாதத்தில் இணைந்தனர். 1976இல் றொபேட் பிறெனர் தொடக்கிய விவாதமும் இதன் வழிவந்ததே.

டொப்பின் வரையறைகளையும் நாம் மனங்கொள்ளுதல் வேண்டும். அவர் பெரும்பாலும் பிறர் வெளியிட்ட ஆய்வுகளையே ஆதாரமாகக் கொண்டார். இங்கிலாந்தே அவரது நோக்கில் மையமாயிற்று. குடியேற்ற நாடுகளின் கொள்ளை உரிய இடத்தைப் பெறவில்லை. சோவியத் பொருளாதாரம் பற்றிய அவரது நூல்களில், கூட்டுப்பண்ணையாக்கத்திற் குடியானவர் செலுத்திய விலை போதிய அழுத்தம் பெறவில்லை. ஐரோப்பியக் குடியானவரின் எதிர்ப்பை நுணுகி நோக்கிய ஆய்வாளர், தம் காலத்துக் குடியானவர் துயரை அவ்வாறு நோக்காமை முரணாகவே உளது.

இலக்கிய ஆய்வாளராகிய எமக்கு இவ்விவாதம் புறம்பானதன்று. பேராசிரியர் க. கைலாசபதி 1960களில் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் ஆய்வு நிகழ்த்திய பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலேதான் ஹில்ரனும் கற்பித்தார். பிரித்தானிய மார்க்சிய மரபின் கலைச்சொற்கள் எமது இலக்கிய வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டன. ஆயின் சொல்லை ஏற்ற அளவுக்கு அதன் பின்னுள்ள வினாவை நாம் ஏற்றோமா என்பது சிந்தித்தற்குரியது. ஒரு காப்பியத்திலே வணிகனும் துறைமுகமும் தோன்றியவுடன் புதிய சமுதாயம் பிறந்துவிட்டதென எழுதுதல் எளிது. அந்நகருக்கு நெல் எங்கிருந்து வந்தது, அதனை விளைவித்தோர் யார், எந்நிர்ப்பந்தத்தால் அதனைக் கொடுத்தனர் என வினவுதல் அரிது. அவ்வினாக்களுக்குச் சான்று தேடாதவரை, 'நிலமானியம்', 'வணிக வர்க்கம்' என்பன எமது கட்டுரைகளில் வெறும் பெயர்ச்சீட்டுகளாகவே எஞ்சும்.