உங்களுக்குத் தெரியுமா? பிழை முத்திரைக்குத் தனி விலை!

பழைய பொற்பணம் ஒன்றை உள்ளங்கையில் வைத்தால் அரை கிராம்கூட இராது, பருப்பு அளவுதான். அச்சோ அதைவிடப் பெரியது. சம்மட்டியால் அடிக்கும்போது உருவம் பாதி வெளியே போய்விடும். அது பிழையல்ல, அந்தக் காலத்து வழக்கம்!

உண்மையான பிழை வேறு. அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த தகட்டின் ஒரு பக்கத்தில் முறையாக உருவம் விழும்; மறுபக்கத்தில் அதே உருவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி, குழியாகப் பதியும். சேகரிப்பாளர்கள் தேடுவது இதைத்தான்.

ஆனால் எல்லாக் காசிலும் பிழையைத் தேடுவதில்லை. கமுதி, ராமேஸ்வரம் பக்கத்தில் காசு தேடுவோர் கேள்விப்பட்டிருக்கும் யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகளின் ‘சேது’ காசுகள் பெரும்பாலும் செம்பு. நந்தியின் கீழ் ‘சேது’ என்ற தமிழ் எழுத்து முழுசாக விழுந்த காசுக்கே அங்கே மவுசு.

பாட்டியின் சவரன் காசில் குதிரை வீரனுக்குக் கீழே, 1918 என்ற ஆண்டுக்கு மேலே சின்னதாக ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா? பம்பாயில் அந்த ஓர் ஆண்டு மட்டும் அடித்தது. பிழையல்ல, இந்திய முத்திரை. காது வைத்துப் பற்றவைத்திருந்தால் மட்டும் சேகரிப்பாளர் முகம் சுளிப்பார்.

மண்ணில் கிடைத்த காசா? 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியரிடம் சொல்லியாக வேண்டும்.